850 கிலோ பீட்ரூட்

சென்ற இதழில் ரத்தசோகை பற்றி நான்கு பக்கம் எழுதிய இயற்கை மருத்துவ அன்பர், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஆலோசனை சொல்வதோடு நிற்கவில்லை, உத்தரவே போட்டிருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடுங்கள். பீட்ரூட், மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை போதும் என்கிறார். கைக்குழந்தைக்கு இரும்புச் சொட்டு மருந்தும் தேவையில்லையாம். தாய் சத்தாகச் சாப்பிட்டால் பால் வழியாகப் பிள்ளைக்குப் போய்விடுமாம். சாட்சிக்கு ஒரு பெண்ணின் கதை: ஹீமோகுளோபின் 7 என்று வந்தவர், பதினைந்தே நாள் பீட்ரூட் சாறு குடித்து 11-க்கு ஏறிவிட்டாராம்.

கதையிலிருந்தே ஆரம்பிப்போம், கணக்குப் போட வசதியாக இருக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்குள் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொண்டால், ஹீமோகுளோபின் 7-லிருந்து 8 ஆக, அதாவது 100 மில்லி ரத்தத்துக்கு ஒரு கிராம் ஏற, 170 மில்லிகிராம் இரும்பு வேண்டும். 7-லிருந்து 11 ஆக, 680 மில்லிகிராம். இது டம்ளரில் இருந்தால் போதாது. குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 100 கிராம் பீட்ரூட்டில் இருப்பது சுமார் 0.8 மில்லிகிராம். செடிகொடிகளிலிருந்து கிடைக்கும் இரும்பில் நம் அரிசி, பருப்புச் சாப்பாட்டோடு உடம்பு எடுத்துக்கொள்வது நூற்றுக்கு மூன்றிலிருந்து எட்டு பங்கு வரைதான். கர்ப்ப காலத்தில் குடல் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும் என்பதால் பத்து பங்கு என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்படியும் 100 கிராம் பீட்ரூட்டிலிருந்து உள்ளே போவது 0.08 மில்லிகிராம். 680 மில்லிகிராம் சேர 850 கிலோ பீட்ரூட் தேவை. பதினைந்து நாளில் என்றால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 57 கிலோ. அந்த வீட்டில் மிக்ஸி எத்தனை முறை மாற்றினார்கள் என்பதையும் அன்பர் எழுதியிருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு எண் ஏறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. விரலில் குத்தி ஒரு சொட்டில் பார்த்ததும், பிறகு கையில் ஊசி போட்டு எடுத்து ஆய்வகத்தில் பார்த்ததும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போவது சாதாரணம். சாற்றோடு மாத்திரையும் சேர்ந்து உள்ளே போயிருக்கலாம், நர்ஸம்மாவுக்குப் பயந்து. எது நடந்திருந்தாலும் பீட்ரூட்டின் தலையில் அந்தப் பெருமையை ஏற்ற வழியில்லை.

பீட்ரூட்டும் மாதுளையும் ஏன் எப்போதும் இந்தப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கின்றன? சிவப்பாக இருக்கின்றன, வேறு காரணம் கிடையாது. மாதுளை இன்னும் மோசம்: 100 கிராம் முத்தில் அரை மில்லிகிராம்கூட இல்லை. நிறத்தை வைத்து மருந்து தேர்ந்தெடுப்பதென்றால் மிளகாய் வற்றலையும் சேர்த்துக்கொள்ளலாமே. பேரீச்சையை ஒரு பழமாக எண்ணிப் பார்த்தால் ஒரு மில்லிகிராமைத் தொடாது. "அரசாங்கமே முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பெட்டகத்தில் பேரீச்சை கொடுக்கிறதே" என்று அன்பர் மடக்குகிறார். கொடுக்கிறது. அதே பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் இருக்கிறது, குடற்புழு மாத்திரையும் இருக்கிறது. பெட்டியைத் திறந்து பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மூடிவிட்டார்.

முருங்கைக்கீரையைப் பற்றி இப்படிப் பேச எனக்கு மனம் வராது. 100 கிராம் இலையில் 4 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு உண்டு, ஃபோலேட் உண்டு, கொல்லையில் சும்மா கிடைக்கிறது. ஆனால் ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாகச் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள் போக வேண்டும்: குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் 300, தாயின் கூடுதல் ரத்த அணுக்களுக்கு 500, அன்றாடக் கழிவுக்கு 200. இதில் பெரும்பகுதி பின்பாதி மாதங்களில் தேவைப்படுகிறது. அப்போது ஒரு நாளைக்கு 5, 6 மில்லிகிராம் உள்ளே போயாக வேண்டும். முருங்கைக்கீரையை மட்டும் நம்பினால் தினமும் ஒரு கிலோவுக்கு மேல் உருவி ஆய்ந்த இலை வேண்டும். உருவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கிலோ இலை என்றால் எத்தனை கிளை என்று. சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது. அதிலும் பத்தில் ஒரு பங்குதான் சேரும் என்று வைத்தாலும் கணக்கு நேராகிவிடுகிறது. கீரையைச் சாப்பிடுங்கள், மாத்திரையையும் விழுங்குங்கள் என்று எந்தச் செவிலியரும் சொல்வதற்குக் காரணம் இவ்வளவுதான். இதில் இயற்கைக்கு விரோதமாக என்ன இருக்கிறது?

"நம் பாட்டிமார் மாத்திரையா விழுங்கினார்கள்? பத்துப் பிள்ளை பெற்றார்களே" என்ற பத்தியைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. பெற்றார்கள். 1946-இல் வந்த போர் (Bhore) குழுவின் சுகாதார அறிக்கையை அன்பர் ஒரு முறை புரட்டட்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பிரசவத்துக்கு 20 தாய்மார் இறந்தார்கள், ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் பேர். பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 162 முதல் ஆண்டைத் தாண்டவில்லை. 2018–20 கணக்கில் அதே தாய்மார் இறப்பு லட்சத்துக்கு 97; அன்றைய விகிதத்தை அதே அளவில் சொன்னால் 2,000. பத்து பெற்ற பாட்டியைப் பற்றிப் பேசும் பேரன் எல்லா ஊரிலும் இருப்பான். இரண்டாவது பிரசவத்தில் போய்விட்ட பாட்டிக்குப் பேசப் பேரன் ஏது? எல்லா மரணமும் ரத்தசோகையால் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிரசவத்தில் ரத்தம் போகும்போது, ஹீமோகுளோபின் 12 உள்ளவள் தாங்கும் இழப்பை 6 உள்ளவள் தாங்கமாட்டாள்.

அவருடைய கட்டுரையில் பதில் சொல்லத் தகுந்த வாதம் ஒன்று இருக்கிறது. ரத்தசோகைத் தடுப்புத் திட்டம் 1970-இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு மாத்திரை கொடுத்தும் தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) கர்ப்பிணிகளில் 52.2 சதவீதமும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதமும் ரத்தசோகையோடு இருக்கிறார்கள். ஆகவே மாத்திரை தோற்றுவிட்டது என்கிறார். எண்கள் சரி. ஆனால் அதே ஆய்வில் இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு எண் இருக்கிறது: கர்ப்ப காலத்தில் 180 நாள் இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்கள் 26 சதவீதம். நூறு நாளாவது சாப்பிட்டவர்களே 44.1 சதவீதம்தான். நான்கில் மூன்று பேர் முழுதாக விழுங்காத மாத்திரையை எப்படித் தோற்றது என்பது? விழுங்காமல் போனதற்கு அவர் எழுதுவது போன்ற கட்டுரைகளும் ஒரு காரணம். "சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்", "பிள்ளை பெருத்துப்போய் ஆபரேஷன் ஆகிவிடும்" என்று ஊரில் உலவும் பேச்சையே கொஞ்சம் நாசூக்காக, "இதுபற்றிச் சந்தேகங்கள் உள்ளன" என்று அவரும் எழுதியிருக்கிறார். கறுப்பது மலம் மட்டும்தான், பிள்ளை அல்ல. யாருக்குச் சந்தேகம், எதை வைத்து என்று ஒரு வரியாவது எழுதும் நேர்மை வேண்டாமா?

இந்த இடத்தில் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை. 2016–18-இல் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த தேசிய ஆய்வில், ஒன்றிலிருந்து நான்கு வயது வரையுள்ள குழந்தைகளில் ரத்தசோகை 41 சதவீதம். இரும்புக் குறைபாடு 32 சதவீதம். விரல் குத்திப் பார்க்கும் குடும்பநல ஆய்வு சொல்வதைவிட இது குறைவு. பி-12 குறைவு, ஃபோலேட் குறைவு, தலசீமியா, நீலகிரிப் பழங்குடிகளிடம் காணப்படும் அரிவாள் செல் நோய் என்று பல காரணம் உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறவில்லையென்றால் மேல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி. அந்தப் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்கிறதா, நடக்கிறதா என்று கேட்டு ஆட்சியைக் குடைந்திருந்தால் நானும் கூடச் சேர்ந்திருப்பேன். தலசீமியாக் கூறு உள்ள பெண்ணுக்கும் அவர் பீட்ரூட்தான் கொடுப்பார்.

குழந்தை விஷயத்துக்கு வருவோம். அன்பர் செய்திருக்கும் பெரிய தீங்கு இங்கேதான். தாய்ப்பாலில் ஒரு லிட்டருக்கு 0.3, 0.4 மில்லிகிராம் இரும்புதான் இருக்கிறது. தாய் முருங்கை சாப்பிட்டாலும் சரி, மாத்திரையே சாப்பிட்டாலும் சரி, அந்த அளவு சொல்லும்படி மாறுவதில்லை. பால் சுரப்பி தன் போக்கில்தான் இரும்பை விடும். ஆக "பால் வழியாகப் போய்விடும்" என்பது அடிப்படையிலேயே தவறு. பால் இரும்பில் பாதி வரை குழந்தைக்குச் சேர்கிறது, அது தாய்ப்பாலின் பெருமை. ஆனாலும் 800 மில்லி குடிக்கும் பிள்ளைக்கு அது 0.16 மில்லிகிராமைத் தாண்டாது. ஏழாம் மாதத்திலிருந்து அதன் உடம்புக்குள் சேர வேண்டியது முக்கால் மில்லிகிராம் அளவுக்கு.

அப்படியானால் முதல் ஆறு மாதம் எப்படி ஓடுகிறது? வயிற்றில் இருக்கும்போதே, பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில், தாய் கட்டிக்கொடுத்து அனுப்பும் சேமிப்பில் ஓடுகிறது. எட்டாம் மாதத்திலேயே பிறந்த பிள்ளைக்கும் எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கும் அந்தச் சேமிப்பு பாதியில் தீர்ந்துவிடும்; அவர்களுக்கு மருத்துவர் மிக முன்னதாகவே இரும்புச் சொட்டு எழுதிக் கொடுப்பது இதனால்தான். "கைக்குழந்தைக்கு எதற்கு மருந்து" என்ற வரியைப் படித்துவிட்டு அந்தச் சொட்டை நிறுத்தும் தாய்க்கு அன்பர் என்ன பதில் வைத்திருக்கிறார்?

அந்தச் சேமிப்பைக் கூட்ட உண்மையிலேயே இயற்கையான வழி ஒன்று இருக்கிறது. மருந்து கிடையாது, காசு கிடையாது, பிரசவ அறையில் ஓரிரு நிமிடப் பொறுமை மட்டும் வேண்டும். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை அவசரமாகக் கட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் விட்டால், நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேர்கிறது. ஸ்வீடனில் 400 குழந்தைகளை வைத்துச் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், மூன்று நிமிடம் காத்திருந்து கட்டிய பிள்ளைகளில் நான்காம் மாதம் இரும்புக் குறைபாடு 0.6 சதவீதம், உடனே கட்டிய பிள்ளைகளில் 5.7 சதவீதம். ஒரு நிமிடத்துக்கு முன்னால் கட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இயற்கை இயற்கை என்று நான்கு பக்கம் எழுதியவருக்கு இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை. இதைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது என்பது தற்செயலாகக்கூட இருக்கலாம்.

ஆறாம் மாதத்துக்குப் பிறகு என்ன கொடுப்பது என்பதற்கு அவருடைய பட்டியல்: ராகிக் கூழ், பருப்புத் தண்ணி, வெல்லம், தேன். தேனை ஒரு வயதுக்குள் நாக்கில் தடவவே கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும் ஆபத்து உண்டு. பருப்புத் தண்ணியில் தண்ணீர் உண்டு. ராகியில் 100 கிராமுக்கு 4 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருந்தாலும் அதைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டும் சேர்ந்தே இருக்கிறது. முளைகட்டி வறுத்து அரைத்தால் கொஞ்சம் விடுபடும், அந்த நுணுக்கத்தை அவர் சொல்லவில்லை. இதை நம் ஊர்ப் பெண்கள் கேட்காமலே செய்வார்கள் என்பது வேறு விஷயம். பிள்ளைக்கு ஆறு மாதம் முதல் வாரம் இரண்டு முறை ஒரு மில்லி சிரப்பை, அதாவது 20 மில்லிகிராம் இரும்பை, வீடு தேடி வந்து கொடுக்கிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதற்குப் பதிலாகப் பருப்புத் தண்ணியை நீட்டுகிறார்.

ஒரு வயதுக்குள் இரும்பு வற்றிப்போனால் என்ன ஆகும் என்பதைக் கோஸ்டா ரிகாவில் பெட்ஸி லோசாஃபும் அவருடைய குழுவும் நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் நீண்டகால இரும்புக் குறைவோடு இருந்தவர்கள், பிறகு சிகிச்சை கிடைத்தும், பத்தொன்பது வயதிலும் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியே இருந்தார்கள். அன்பர் என்னோடு மோத விரும்பினால் வங்கதேச ஆய்வைக் கொண்டுவந்திருக்கலாம்: எட்டு மாதப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் இரும்பு கொடுத்ததில் ரத்தசோகை குறைந்தது, ஆனால் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை என்று 2021-இல் வெளியானது அது. அதைப் படித்தால் எனக்குப் புரிவது, எட்டாம் மாதம் வரை காத்திருக்காமல் தாய் வயிற்றில் இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும் என்பது. அதாவது அந்தச் சிவப்பு மாத்திரையிலிருந்து.

அதற்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டது "ஆப்பிரிக்காவில் இரும்புச் சத்து கொடுத்துக் குழந்தைகள் இறந்தார்கள்" என்ற ஒற்றை வரி. இடமும் ஆண்டும் சொல்லாததால் நான் சொல்கிறேன்: தான்சானியாவின் பெம்பா தீவு, 2006-இல் வெளியான ஆய்வு. அப்போது மலேரியா ஓயாமல் பரவிய தீவு அது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இரும்பு கொடுத்தபோது மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடின. உண்மையே. ஆனால் அதே ஆய்வின் ஒரு பகுதியில், தொடக்கத்திலேயே இரும்புக் குறைவும் ரத்தசோகையும் இருந்த பிள்ளைகளுக்கு இரும்பு நன்மையே செய்தது. மலேரியா மிகுந்த ஊரில் முதலில் மலேரியாவைத் தடு, பிறகு இரும்பு கொடு என்று உலகம் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது. அன்பர் கற்றுக்கொண்டது பெரம்பலூர்ப் பிள்ளைக்குப் பீட்ரூட் கொடுப்பது.

சாப்பாட்டால் இரும்பை ஏற்ற முடியாதா என்றால், ஓரளவுக்கு முடியும். ஆனால் அவர் பட்டியலால் முடியாது. நம் ஊரில் ரத்தம் குறைந்தவர்களுக்குப் பெரியவர்கள் சொன்னது சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். செம்மறி மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருப்பதாக அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை சொல்கிறது. ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் கறிக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். மிளகு போட்டு நன்றாக வேகவைத்துக் கொடுப்பார்கள். கறி, ஈரல், மீனில் இருக்கும் இரும்பு செடி இரும்பைவிடப் பல மடங்கு சுலபமாகச் சேரும். (ஈரலை மட்டும் கர்ப்பிணிகள் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும், வைட்டமின் ஏ மிகுதி.) தமிழ்ப் பாட்டி வைத்தியத்தின் பெயரால் எழுதப்பட்ட நான்கு பக்கத்தில் சுவரொட்டி என்ற சொல்லே இல்லை. அன்பரின் இயற்கை சைவம் போலிருக்கிறது. சைவமாக இருப்பதில் குற்றமில்லை; தன் தட்டை எல்லார் பாட்டியின் தட்டாகவும் காட்டுவதுதான் குற்றம்.

சைவத் தட்டுக்கும் வழி இருக்கிறது. கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு இரண்டு மூன்று மடங்கு சேரும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ அதைப் பாதிக்கு மேல் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைப்பதும் வெறும் நம்பிக்கை அல்ல: எத்தியோப்பியாவில் இரும்புப் பானையில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, அலுமினியப் பானையில் சாப்பிட்டவர்களைவிட ஹீமோகுளோபின் கூடியதை 1999-இல் லான்செட் வெளியிட்டது. வெறுங்காலோடு கொல்லைக்குப் போனால் கொக்கிப்புழு ஏறும், அது குடலில் இருந்து ரத்தம் குடிக்கும். செருப்பும் கழிப்பறையும் ரத்தசோகைக்கு மருந்துகள்தாம். இவற்றில் ஒன்றையாவது அவர் எழுதியிருந்தால் யாருக்காவது பயன்பட்டிருக்கும். இவை எல்லாமே மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை.

மருந்துக் கம்பெனிச் சதி என்ற கடைசிப் பத்திக்கு நீண்ட பதில் தேவையில்லை. சிவப்பு மாத்திரை இலவசம். பேரீச்சை சிரப்பும் பீட்ரூட் மால்ட்டும் முருங்கை கேப்ஸ்யூலும் இலவசமில்லை.

மாத்திரை குமட்டும், மலம் கட்டும், வயிறு எரியும். இதை மறைத்துப் பேசும் மருத்துவர்கள்மேல் எனக்கும் வருத்தம் உண்டு. "சாப்பிட்டுத்தான் ஆகணும்" என்று அதட்டி அனுப்பினால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ச் சன்னல் வழியே எறியத்தான் செய்வாள். சாப்பிட்ட பிறகு, ராத்திரி படுக்கும் முன் போட்டால் பலருக்குக் குமட்டல் அடங்கும். கால்சியம் மாத்திரையோடு சேர்க்காமல் வேறு வேளைக்குத் தள்ள வேண்டும். அப்படியும் தாங்கவில்லையென்றால் வேறு வகை இரும்பு மாற்றிக் கேட்கலாம், நரம்பில் ஏற்றும் இரும்பு சுக்ரோஸ் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே உண்டு. மாத்திரை டப்பாவைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அன்பருக்குப் பீட்ரூட்மேல் இருக்கும் பிரியத்தில் நான் தலையிடவில்லை. எத்தனை டம்ளர் வேண்டுமானாலும் குடிக்கட்டும். ஆனால் "மாத்திரையைக் குப்பையில் போடுங்கள்" என்ற வரியை அடுத்த இதழில், வந்த பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் திரும்பப் பெற வேண்டும். அதை நம்பி நிறுத்தியிருப்பவர்கள் இன்று இரவே மறுபடி தொடங்கலாம், விட்ட நாளுக்குச் சேர்த்துப் போட வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருக்கும் கர்ப்பிணி அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே தாலுகா மருத்துவமனைக்குப் போகட்டும், கூட ரத்தம் கொடுக்கத் தோதான ஒருவரை அழைத்துக்கொண்டு.